பச்சிளங் குழந்தையின் ஈற்றுக்கட்டி: ஒரு பிறப்பிடத் தேடலின் வரலாறு

குழந்தை பிறக்கும்போதே அதன் வாயில் கட்டியொன்று இருப்பது மிக அரிது. அவ்வாறு இருக்கும் கட்டிகளிலும் பெரும்பாலானவை தீங்கற்றவை, அதாவது தோன்றிய இடத்தைத் தாண்டி உடலின் பிற உறுப்புகளுக்குப் பரவாதவை. ஆயினும் நோய்க்குறியியலின் வரலாற்றில் இவை பெற்றுள்ள இடம் இவற்றின் எண்ணிக்கையையோ அளவையோ கொண்டு கணிக்கத்தக்கது அன்று. பிறந்த குழந்தையின் ஈறு மிக மெல்லியது என்றாலும், மேலே மூடியிருக்கும் புறவுறை, இன்னும் வெளிவராத பற்களின் முளைகள், அவற்றைத் தாங்கவிருக்கும் எலும்பு, நரம்பிழைகள், இரத்த நாளங்கள், இவை அனைத்தையும் பிணைத்து நிற்கும் இடைத்திசு ஆகியன அந்தச் சிறு பரப்புக்குள் ஒன்றையொன்று ஒட்டியே வளர்கின்றன. ஆகவே அங்கே ஒரு கட்டி எழும்போது அது இவற்றுள் எதன் வழிவந்தது என்னும் கேள்விக்குப் பல விடைகள் ஒரே வேளையில் நம்பத்தக்கனவாகத் தோன்றியதில் வியப்பில்லை. கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் கூறப்பட்ட விடைகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால், ஒவ்வொரு விடையும் அந்தக் காலத்தின் கருவி எதைக் காட்டியதோ அதையே உண்மையெனக் கொண்டது என்பதும், ஒத்த தோற்றமுடைய இரு உயிரணுக்கள் ஒரே மூலத்தைச் சேர்ந்தவையாகத்தான் இருக்கவேண்டும் என்ற நம்பிக்கையே ஆய்வாளர்களை நெடுங்காலம் வழிதவறச் செய்தது என்பதும் புலனாகின்றன.

இவ்வரலாற்றின் தொடக்கம் பிரஷ்யாவின் கிழக்கு மூலையில், பால்டிக் கடலை ஒட்டிய கோனிக்ஸ்பெர்க் நகரில் அமைந்தது. மெய்யியலாளர் இமானுவேல் கான்ட் வாழ்ந்த ஊர் என அறியப்பட்ட அந்நகரம் இன்று ரஷ்யாவின் கலினின்கிராட் ஆகும். அங்கே குழந்தை மருத்துவராக விளங்கிய ஹைன்ரிஷ் போன் 1866-இல் குழந்தைகளின் வாய்நோய்கள் பற்றித் தனி நூலொன்றை வெளியிட்டார். அதே நகரின் பல்கலைக்கழகத்தில் நோய்க்குறியியல் பேராசிரியராக இருந்தவர் ஃபிரான்ஸ் எர்ன்ஸ்ட் கிறிஸ்டியான் நொய்மான். 1834-இல் பிறந்த இவர், இரத்தத்தின் சிவப்பணுக்கள் எலும்பு மஜ்ஜையில்தான் உருவாகின்றன என்று 1868-இல் அறிவித்து, அதனால் எழுந்த எதிர்ப்பையும் ஐயத்தையும் பல ஆண்டுகள் எதிர்கொண்டவர். மருத்துவ வரலாறு அவரை நினைவில் வைத்திருப்பது முதன்மையாக அக்கண்டுபிடிப்புக்காகவே. அவர் 1871-இல் ஜெர்மானிய மருத்துவ இதழொன்றில் பிறவியிலேயே அமைந்த ஈற்றுக்கட்டி ஒன்றைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஈற்றின்மேல் எழும் எந்தப் புடைப்புக்கும் அக்காலத்தில் வழங்கிவந்த ‘எபூலிஸ்’ என்ற பெயரையே இதற்கும் அவர் பயன்படுத்தியதால், பிறவி எபூலிஸ் என்றும், பின்வந்தோர் இட்ட வழக்கில் நொய்மான் கட்டி என்றும் இது அழைக்கப்படலாயிற்று. உடலின் மிக அடிப்படையான இயக்கங்களுள் ஒன்றை விளக்கிய அதே கண்கள் மிக அரிய ஒரு சிறு கட்டியையும் விட்டுவிடாமல் பதிவு செய்திருப்பது, நுண்ணோக்கியின் கீழ் வந்த எதையும் அற்பமென ஒதுக்காத அத்தலைமுறையின் உழைப்புக்குச் சான்றாகும்.

நொய்மான் கண்ட கட்டியின் இயல்புகள் இன்றுவரை அதிகம் மாறாத விவரிப்பாகவே நூல்களில் இடம்பெறுகின்றன. பற்கள் முளைக்கவிருக்கும் ஈற்றுமேட்டில், பெரும்பாலும் மேல்தாடையின் முன்பகுதியில், நடுக்கோட்டிற்குச் சற்று விலகி, வெட்டுப்பல்லும் கோரைப்பல்லும் வரவேண்டிய இடத்தில் இது எழுகிறது. இளஞ்சிவப்பு நிறமும் வழவழப்பான பரப்பும் உடைய இக்கட்டி பெரும்பாலும் ஒரு குறுகிய காம்பினால் ஈற்றோடு இணைந்து தொங்கும்; அளவு சில மில்லிமீட்டரிலிருந்து பல சென்டிமீட்டர் வரை வேறுபடும். பெரியதாக இருந்தால் உதடுகளுக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்று, குழந்தை வாயை மூடவோ தாயின் மார்பைப் பற்றவோ இயலாதபடி செய்துவிடும். கீழ்த்தாடையைவிட மேல்தாடையில் இரண்டு மூன்று மடங்கு மிகுதியாகவும், ஆண் குழந்தைகளைவிடப் பெண் குழந்தைகளிடம் 8 முதல் 10 மடங்கு வரை மிகுதியாகவும் இது காணப்படுகிறது. ஏறத்தாழப் பத்தில் ஒரு குழந்தைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கட்டிகள் இருக்கும். பிறந்த பின் இது வளர்வதில்லை என்பதும், அறுவையின்போது ஒரு பகுதி விடுபட்டுப் போனாலும் மீண்டும் தோன்றுவதில்லை என்பதும் இதன் தனித்தன்மைகள். மெல்லிய சீவலாக அறுத்துச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், தட்டையாக மெலிந்த புறவுறைக்குக் கீழே, பல பக்கங்களுடைய பெரிய உயிரணுக்கள் இடைவெளியின்றி அடுக்கப்பட்டிருப்பதும், ஒவ்வொன்றின் உட்பொருளும் ஈயோசின் என்னும் சாயத்தை ஏற்று இளஞ்சிவப்பாக, நுண்ணிய மணிகளால் நிறைந்திருப்பதும், உட்கரு சிறியதாக ஓர் ஓரத்தில் ஒதுங்கியிருப்பதும் தெரியும். அந்த நுண்மணிகளே பின்னர் எழுந்த விவாதங்கள் அனைத்துக்கும் விதையாயின.

நொய்மான் எழுதிய காலம், கட்டிகளின் பிறப்பிடம் பற்றிய கேள்வியே புதிதாக உருப்பெற்றுக்கொண்டிருந்த காலம். ஒவ்வோர் உயிரணுவும் மற்றோர் உயிரணுவிலிருந்தே பிறக்கிறது என்று ருடால்ஃப் ஃபிர்கோ 1858-இல் வெளியிட்ட நூலின் வழியாக வலியுறுத்தியபின், ஒரு கட்டியைக் கண்டால் அதன் தாய் உயிரணு எது என்று கேட்பது மருத்துவர்களின் கடமையாயிற்று. புற்றுநோய் இடைத்திசுவிலிருந்து பிறப்பதாக ஃபிர்கோ கருதியிருக்க, அது புறவுறையின் உயிரணுக்களிலிருந்தே பிறக்கிறது என்று 1865-இல் கார்ல் டீர்ஷும் 1867-இல் வில்ஹெல்ம் வால்டயரும் காட்டினர். இவ்விவாதத்தின் பின்னணியில் கருவியல் நின்றது. கருவின் தொடக்க நாள்களில் உருவாகும் மூன்று படலங்களுள், புறப்படலம் தோலையும் நரம்பு மண்டலத்தையும், இடைப்படலம் தசை, எலும்பு, இரத்தம் ஆகியவற்றையும், அகப்படலம் குடலின் உள்ளுறையையும் தரும் என்பதும், ஒரு படலத்தின் வழிவந்தது மற்றொரு படலத்திற்குரிய திசுவை ஆக்காது என்பதும் அக்காலத்தில் ஏறக்குறைய மறுக்கவொண்ணாத விதியாக மதிக்கப்பட்டன. யூலியுஸ் கோன்ஹைம் 1870-களில், கருவளர்ச்சியின்போது பயன்படாமல் மிஞ்சிப்போன உயிரணுக்களே பின்னாளில் கட்டிகளாக எழுகின்றன என்ற கருத்தை முன்வைத்தபோது, பிறக்கும்போதே கட்டியோடு வரும் குழந்தை அக்கருத்துக்குக் கண்கூடான எடுத்துக்காட்டாகத் தோன்றியிருக்கும்.

கரு எச்சங்கள் என்ற விளக்கம் முழுவதும் பொருந்திய இடம் ஒன்று உண்டு. அது குழந்தைகளின் வாயில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் வெண்முத்துகள். 1817-இல் பிரெஞ்சு உடற்கூற்றியலாளர் அந்துவான் செர் பற்களைப் பற்றி எழுதிய நூலில், குழந்தையின் ஈற்றுக்குள் காணப்பட்ட சிறு உருண்டைகளைச் சுரப்பிகள் என்றே கருதினார். போன் 1866-இல் தாம் விவரித்த முடிச்சுகளையும் சளிச் சுரப்பிகளோடு தொடர்புபடுத்தினார். பிராக் நகரத்துக் குழந்தை மருத்துவர் அலோய்ஸ் எப்ஸ்டைன் 1880-இல், அண்ணத்தின் நடுக்கோட்டை ஒட்டி வரிசையாக நிற்கும் வெண்புள்ளிகளை விவரித்தபோது, அவை புறவுறையின் உயிரணுக்கள் உள்ளே சிக்கிக்கொண்டதால் விளைந்தவை என்பது தெளிவாகத் தொடங்கியது. கருவின் இரண்டாம், மூன்றாம் மாதங்களில் அண்ணத்தின் இரு பாதிகளும் பக்கங்களிலிருந்து வளர்ந்து நடுவில் ஒட்டிக்கொள்கின்றன; ஒட்டும் வரம்பில் இருந்த புறவுறை முற்றிலும் மறையாமல் ஆங்காங்கே எஞ்சினால், அவ்வெச்சங்கள் கெராட்டின் என்னும் தோற்புரதத்தைச் சேர்த்துச் சேர்த்துச் சிறு பைகளாகப் பருக்கின்றன. ஈற்றில் நிகழ்வதும் இதுவே: பல்முளைகளை உருவாக்குவதற்காக ஈற்றின் புறவுறை உள்நோக்கி ஒரு பட்டையாக மடிந்து இறங்குகிறது, அதன் வேலை முடிந்ததும் அது துண்டு துண்டாகச் சிதைகிறது, சிதைந்த துண்டுகளுள் சில வெண்முத்துகளாகின்றன. செர் சுரப்பி என எண்ணியது இந்த எச்சங்களையே ஆதலால், அவை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன; பல்வேரைச் சூழ்ந்த திசுவில் லூயி மலாசே 1885-இல் விவரித்த எச்சங்களும் இவ்வினத்தவையே. அண்ணத்தின் நடுக்கோட்டில் இருப்பவை, ஈற்றுமேட்டின் பக்கச் சரிவுகளில் இருப்பவை, மேட்டின் உச்சியில் இருப்பவை என்று இம்முத்துகளை இடம் பார்த்துப் பிரித்து, எப்ஸ்டைன், போன் ஆகியோரின் பெயர்கள் ஒன்றுக்கொன்று மாற்றி வழங்கப்பட்டுவந்த குழப்பத்தை நீக்கும் முயற்சி 1967-இல்தான் நிகழ்ந்தது. சில வாரங்களில் தாமாகவே உடைந்து மறையும் இவற்றைக் கட்டி என்று சொல்வதேகூட மிகை. எனினும் பிறப்பிடம் பற்றிய கேள்விக்கு ஐயமற்ற விடை முதலில் கிடைத்தது இவற்றுக்கே என்பதால் இவ்வரலாற்றில் இவற்றைத் தவிர்க்க இயலாது.

நொய்மானின் கட்டிக்கு அவ்வாறு எளிய விடை அமையவில்லை. அதன் வரலாறு அடுத்த திருப்பத்தைக் கண்டது 1926-இல், மாஸ்கோவில். ரஷ்ய நோய்க்குறியியலாளர் அலெக்சேய் இவானோவிச் அப்ரிகோசோவ், வயதுவந்தோரின் நாக்கு முதலிய இடங்களில் எழும் ஒருவகைக் கட்டியை ஆராய்ந்து, அதன் உயிரணுக்களும் நுண்மணிகளால் நிறைந்திருப்பதைக் கண்டார். 1924-இல் லெனினின் உடலைப் பிணக்கூறாய்வு செய்து, அது கெடாதிருக்க முதற்பதப்படுத்தலையும் மேற்கொண்டவர் இவரே. 2003-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அலெக்சேய் அப்ரிகோசோவ் இவருடைய மகன். நாக்கின் வரித்தசைகளுக்கு இடையே அக்கட்டி அமைந்திருந்ததையும், அதன் உயிரணுக்கள் சிதைந்து மீளும் தசையிழைகளை ஒத்திருந்ததையும் கொண்டு, இளந்தசை உயிரணுக்களாகிய மயோபிளாஸ்டுகளிலிருந்து அது பிறந்ததாக அப்ரிகோசோவ் முடிவு செய்தார். அவர் கண்டது பிழையன்று. கண்டதிலிருந்து அவர் வருவித்த முடிவே பிழையானது. பக்கத்தில் இருக்கும் திசு தாய்த்திசுவாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. ஆயினும் நுண்மணி மயோபிளாஸ்டோமா என்ற பெயர் உலகெங்கும் பரவியது. அதே போன்ற நுண்மணிகளைக் கொண்டிருந்த ஒரே காரணத்தால் குழந்தையின் ஈற்றுக்கட்டியும் அப்பெயருக்குள் இழுக்கப்பட்டு, பிறவி மயோபிளாஸ்டோமா என்று பல பாடநூல்களில் இடம்பெற்றது. ஈற்றுமேட்டில் வரித்தசையே கிடையாது என்னும் எளிய உடற்கூற்று உண்மை இப்பெயரைத் தடுத்து நிறுத்தவில்லை என்பது, ஓர் அறிஞரின் புகழ் எத்தனை காலம் ஒரு கருத்தைத் தாங்கி நிற்கக்கூடும் என்பதைக் காட்டுகிறது.

தசைக் கொள்கைக்கு எதிர்ப்பு விரைவிலேயே தோன்றியது. ஆஸ்திரிய நோய்க்குறியியலாளர் ஃபிரீட்ரிஷ் ஃபைர்ட்டர் 1935-இல், இக்கட்டிகள் நரம்பைச் சார்ந்தவை என்று வாதிட்டார். 1949-இல் அமெரிக்கர்களான ஃபஸ்டும் கஸ்டரும், கட்டியின் உயிரணுக்கள் சிறு நரம்புகளைச் சூழ்ந்து நிற்பதை மீண்டும் மீண்டும் கண்டு, அதே முடிவை வலுப்படுத்தினர். குழந்தைகளின் ஈற்றுக்கட்டி பற்றி 1952-இல் அவர்கள் தனியாகவும் ஒரு கட்டுரை எழுதினர். எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்தபின் நுண்மணிகளின் உட்கட்டமைப்பு வெளிப்பட்டது. ஒளி நுண்ணோக்கியில் தசையின் சிதைவாகவும் சுரப்புப் பொருளாகவும் தோன்றிய அவை, லைசோசோம் எனப்படும் உயிரணுவின் செரிமானப் பைகள் பழைய உறுப்புகளை விழுங்கிப் பெருகியதால் விளைந்தவை என்று தெரிந்தது. 1962-இல் ஃபிஷரும் வெக்ஸ்லரும் மயோபிளாஸ்டோமா என்ற பெயரே பொருந்தாதது என்று தம் கட்டுரையின் தலைப்பிலேயே அறிவித்து, நரம்பிழைகளைச் சுற்றி உறையாக அமையும் ஷ்வான் உயிரணுக்களே வயதுவந்தோரின் கட்டிக்கு மூலம் என்றனர். இதில் அடங்கிய பாடம் ஒன்று அக்காலத்தில் முழுமையாக உணரப்படவில்லை. லைசோசோம்கள் உடலின் ஏறக்குறைய எல்லா வகை உயிரணுக்களிலும் உள்ளவை. ஆகவே முதுமையாலோ வளர்சிதை மாற்றக் கோளாறினாலோ எந்த உயிரணுவும் நுண்மணிகளால் நிறையக்கூடும். நுண்மணி என்பது குலத்தின் அடையாளமன்று, நிலையின் அடையாளமே. வயதுவந்தோரின் நுண்மணிக் கட்டிகளுள் பெரும்பாலானவற்றில் லைசோசோம் போன்ற பைகளை அமிலமாக்கும் பொறியைச் சார்ந்த இரு மரபணுக்களில் ஒன்று செயலிழந்திருப்பதைக் காட்டி, 2018-இல் வெளியான மரபணு ஆய்வு இதை மேலும் உறுதிப்படுத்தியது.

இரு கட்டிகளையும் பிரித்துக் காட்டிய சான்று 1980-களில் கிடைத்தது. 1965-இல் பிளேக் மூர் மாட்டின் மூளையிலிருந்து பிரித்தெடுத்த ஒரு புரதம், முழுச்செறிவுள்ள அம்மோனியம் சல்ஃபேட் கரைசலிலும் கரைந்து நின்றமையால் எஸ்-100 என்று பெயர் பெற்றது. ஒரு புரதத்தை மட்டும் தேடிப் பற்றும் எதிர்ப்பொருளோடு நிறமூட்டியைப் பிணைத்துத் திசுச் சீவலின்மேல் இட்டால், அப்புரதம் உள்ள உயிரணுக்கள் மட்டும் நிறம் பெறும். நோயெதிர்ப்புத் திசுவேதியியல் எனப்படும் இம்முறையில் எஸ்-100, ஷ்வான் உயிரணுக்களின் அடையாளப் புரதங்களுள் ஒன்றாகப் பயன்படலாயிற்று. 1982-இல் வயதுவந்தோரின் நுண்மணிக் கட்டிகளில் இப்புரதம் செறிந்திருப்பது காட்டப்பட்டது. ஆனால் குழந்தைகளின் ஈற்றுக்கட்டியைச் சோதித்தபோதெல்லாம் அது இல்லை என்றே முடிவு வந்தது. இதற்கு முன்பே, 1981-இல் லாக் என்பவரும் அவருடன் பணியாற்றியோரும் 21 குழந்தைகளின் கட்டிகளைத் தொகுத்து ஆராய்ந்து, அவற்றின் நடத்தையும் திசு அமைப்பும் தனித்தன்மை வாய்ந்தவை என்பதை விரிவாக எழுதியிருந்தனர். வயதுவந்தோரின் கட்டிக்கு மேலுள்ள புறவுறை பெரும்பாலும் புற்றுநோயோ என மயங்கவைக்கும் அளவுக்குத் தடித்து வளர்ந்திருக்க, குழந்தையின் கட்டிக்கு மேலுள்ள புறவுறை மெலிந்து தட்டையாக இருப்பது இப்போது புதிய பொருள் பெற்றது. அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரே குடும்பமாகக் கருதப்பட்ட இரண்டும், நுண்ணோக்கியில் ஏறக்குறைய ஒன்றே போலத் தோன்றினும், உறவற்றவை என்பது உறுதியாயிற்று.

எனினும் குழந்தையின் கட்டி எது அன்று என்பது தெரிந்ததே தவிர, எது என்பது தெரியவில்லை. கட்டிக்குள்ளோ அதன் அடியிலோ பல்முளை எச்சங்கள் அடிக்கடி காணப்பட்டதால், பற்களை உருவாக்கும் புறவுறையே மூலம் என்றனர் சிலர். ஆனால் புறவுறைக்குரிய கெராட்டின் புரதம் நுண்மணி உயிரணுக்களில் இல்லை. நாரியல் உயிரணு என்றும், கழிவுகளை விழுங்கும் ஹிஸ்டியோசைட் என்றும், நுண்ணிய இரத்த நாளங்களைத் தழுவி நிற்கும் பெரிசைட் என்றும் அடுத்தடுத்துக் கூறப்பட்டன. பெண் குழந்தைகளிடம் இது மிகுந்திருப்பதும், பிறந்தவுடன் வளர்ச்சி நின்றுவிடுவதும் தாயின் ஹார்மோன்கள் இதைத் தூண்டுகின்றனவோ என்ற ஊகத்துக்கு இடமளித்தன. ஆனால் ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டரோனையும் பற்றிக்கொள்ளும் ஏற்பிகளைத் தேடியபோது அவை கட்டியில் காணப்படவில்லை. இடைத்திசுவுக்குரிய விமென்டின் என்ற புரதம் மட்டும் தொடர்ந்து காணப்பட்டதால், இன்னும் எவ்வகையாகவும் முதிராத இடைத்திசு உயிரணு ஒன்றே மூலம் என்ற கருத்து இன்று மேலோங்கியிருக்கிறது. விமென்டின் மிகப் பல வகை உயிரணுக்களில் இருப்பதால், இம்முடிவின் வலிமை குறைவே. இது கட்டியே அன்று, ஒருவகை எதிர்வினை வளர்ச்சி அல்லது முதுமைச் சிதைவு என்று கருதுவோரும் உளர். பிறந்த பின் வளராமை, மிச்சம் விட்டாலும் திரும்பாமை ஆகிய இரண்டும் அவர்கள் பக்கம் நிற்கின்றன.

இதே கால அளவில், இதே ஈற்றுமேட்டில் எழும் மற்றொரு கட்டி வேறொரு பாதையில் சென்று விடையை எட்டியது. புடாபெஸ்ட் நகரத்து நோய்க்குறியியலாளர் எட்மண்ட் குரோம்பெஹர் 1918-இல், குழந்தையின் தாடையில் எழுந்த கருநிறக் கட்டி ஒன்றை மெலனின் நிறமி நிறைந்த பிறவிப் புற்று என்று விவரித்தார். பெரும்பாலும் வாழ்வின் முதலாண்டுக்குள், மேல்தாடையின் முன்பகுதியில், நீலம் கலந்த கருமை நிறத்தில் தோன்றும் இது, எபூலிஸைப் போல் அமைதியாக இருப்பதில்லை. வேகமாக வளர்ந்து, எலும்பை அரித்து, பல்முளைகளை இடம்பெயர்க்கும். ஆயினும் மிகச் சிலவற்றைத் தவிர இதுவும் தீங்கற்றதே. இதன் சீவலில் இருவகை உயிரணுக்கள் கூடு கூடாக நிற்கின்றன: நிறமி சுமந்த பெரிய உயிரணுக்கள் ஓரங்களிலும், நரம்பின் இளமுளைகளை ஒத்த சிறிய கரிய உயிரணுக்கள் நடுவிலும் அமையும். இனாமலை உருவாக்கும் உயிரணுக்களின் கட்டி இது என்று கருதியோர் நிறமி அமெலோபிளாஸ்டோமா என்றனர். கருவில் கண் உருவாகும்போது விழித்திரையின் நிறமிப் படலத்திலிருந்து ஒரு துணுக்கு விலகித் தாடைக்குள் வந்து சிக்கியது என்று எண்ணிய ஹால்பெர்ட், பட்ஸெர் ஆகியோர் 1947-இல் விழித்திரை முளைக்கட்டி என்றனர். நிறமியும் நரம்பும் ஒருசேர இருக்கும் உறுப்பு கண் என்பதால் எழுந்த இவ்விளக்கம் அழகானது. ஆனால் கண்ணுக்கும் தாடைக்கும் இடையிலான தொலைவு அதற்கு இடையூறாகவே இருந்தது.

1966-இல் போரெல்லோவும் ராபர்ட் கார்லினும் வெளியிட்ட கட்டுரை இச்சிக்கலை அவிழ்த்தது. அவர்கள் ஆராய்ந்த குழந்தையின் சிறுநீரில் வனிலைல்மேன்டலிக் அமிலம் மிகுந்திருந்தது. அட்ரினலின் வகைப் பொருள்கள் உடலில் சிதையும்போது உண்டாகும் இவ்வமிலம், நரம்பு முகட்டின் வழிவந்த கட்டிகளில் மிகுவது முன்பே அறியப்பட்டிருந்தது. கட்டியை அகற்றியபின் அதன் அளவு இயல்பு நிலைக்குத் திரும்பியது. திசுவின் தோற்றத்தை மட்டும் நோக்கி அரை நூற்றாண்டு நடந்த விவாதத்தை, ஒரு வேதியியல் சோதனை முடித்துவைத்தது; குழந்தைப் பருவத்து மெலனின் நரம்புப் புறப்படலக் கட்டி என்ற பெயரும் அன்று முதல் நிலைத்தது.

நரம்பு முகடு என்பது என்ன என்று விளக்காமல் இவ்வரலாறு முழுமை பெறாது. கருவின் முதுகுப்பக்கத்தில் புறப்படலம் இரு ஓரங்களிலும் உயர்ந்து மடிந்து நரம்புக்குழாயாக மூடும்போது, மடிப்பின் விளிம்பிலிருந்த உயிரணுக்கள் பிரிந்து உடலெங்கும் பயணம் செய்கின்றன. இவற்றை 1868-இல் கோழிக்கருவில் முதன்முதலில் கண்டு எழுதியவர் சுவிட்சர்லாந்தின் வில்ஹெல்ம் ஹிஸ். இவற்றின் முழுப் பொருளை உணர்ந்தவர் அமெரிக்கரான ஜூலியா பிளாட். நெக்டுரஸ் என்னும் நீர்வாழ் சாலமாண்டரின் கருக்களைச் சீவல் சீவலாக ஆராய்ந்த அவர், தலையின் குருத்தெலும்புகளும் பல்லின் டென்டினும் இடைப்படலத்திலிருந்தன்று, புறப்படலத்திலிருந்து வந்த உயிரணுக்களாலேயே ஆக்கப்படுகின்றன என்று 1893-இல் அறிவித்தார். எலும்பும் குருத்தெலும்பும் இடைப்படலத்துக்கே உரியவை என்ற விதியின் அடித்தளத்தையே இது அசைத்தது. பெயர்பெற்ற கருவியலாளர்கள் பலர் அவர் முடிவை ஏற்க மறுத்தனர். 1898-இல் ஃபிரைபுர்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றும், பெண் என்ற நிலையில் எந்தப் பல்கலைக்கழகத்திலும் நிலையான பணி கிடைக்காமையால், அவர் ஆய்வுலகையே விட்டு விலகினார். கலிஃபோர்னியாவின் பசிபிக் குரோவ் என்னும் கடலோரச் சிற்றூரில் குடியேறி, 1931-இல், தம் எழுபதுகளில், அவ்வூரின் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1935-இல் அவர் மறைந்தபோது அவருடைய கண்டுபிடிப்பு இன்னும் பொதுவாக ஏற்கப்படவில்லை. அறிவியல் இழந்தது ஒரு முடிவை மட்டுமன்று. அதிலிருந்து அவர் தொடர்ந்து செய்திருக்கக்கூடிய நாற்பது ஆண்டு உழைப்பையும் சேர்த்தே இழந்தது. 1950-இல் ஸ்வீடனின் ஸ்வென் ஹோர்ஸ்டாடியுஸ் வெளியிட்ட நூலும், 1969 முதல் பிரான்சில் நிக்கோல் லெ துவாரேன் செய்த ஒட்டுக்கருச் சோதனைகளும் பிளாட்டின் கூற்றை நிறுவின. காடையின் உயிரணுக்களுடைய உட்கரு கோழியினுடையதிலிருந்து தெளிவாக வேறுபட்டுத் தெரியும் என்பதைக் கண்ட லெ துவாரேன், காடைக்கருவின் நரம்பு முகட்டைக் கோழிக்கருவில் ஒட்டவைத்து, அவ்வுயிரணுக்கள் எங்கெங்கே சென்று என்னென்னவாயின என்று பின்தொடர்ந்தார். தோலின் நிறமி உயிரணுக்கள், ஷ்வான் உறைகள், முகத்தின் எலும்புகள், ஈற்றின் இடைத்திசு ஆகிய அனைத்தும் ஒரே மூலத்தின் வழிவந்தவை என்பது இவ்வழியில் நிலைநாட்டப்பட்டது.

இந்த உண்மையை நொய்மானின் கட்டிக்கு அருகில் வைத்துப் பார்க்கும்போது, அதன் பிறப்பிடம் நரம்பைச் சார்ந்ததா, இடைத்திசுவைச் சார்ந்ததா என்று நெடுங்காலம் கேட்கப்பட்ட கேள்வியின் கூர்மை குறைந்துவிடுகிறது. உடலின் பிற பகுதிகளில் இவ்விரண்டும் வெவ்வேறு படலங்களின் பிள்ளைகள். முகத்தில் மட்டும் இரண்டும் நரம்பு முகட்டின் பிள்ளைகள். சில ஆய்வாளர்கள் கட்டியில் நரம்புக்குரிய நொதிகளைக் கண்டதும், வேறு சிலர் இடைத்திசுவுக்குரிய புரதங்களையே கண்டதும் ஒன்றையொன்று மறுப்பனவாக இருக்கவேண்டியதில்லை; எவ்வகையாகவும் முதிராத முகட்டு உயிரணுவொன்று இரு பக்கத்து அடையாளங்களையும் ஓரளவு தாங்கி நிற்கலாம். இதை உறுதிசெய்யும் நேரடிச் சான்று இன்னும் கிடைக்கவில்லையாதலால், உலகச் சுகாதார நிறுவனத்தின் 2005-ஆம் ஆண்டு வகைப்பாட்டு நூல் இதன் மூலத்தை உறுதிப்படாததாகவே குறிப்பிட்டு, ‘பிறவி நுண்மணி எபூலிஸ்’ என்று, தோற்றத்தையும் இடத்தையும் மட்டும் சுட்டும் பெயரை இட்டது. ஒரு மூலத்தை ஊகித்து இட்ட பெயர்கள் அனைத்தும் கைவிடப்பட்டிருக்க, நொய்மான் எதையும் ஊகிக்காமல் எழுதிய பெயர் சிறு மாற்றத்தோடு நின்றுவிட்டது. அவருடைய அடக்கம் அறிவியல் நோக்கில் மிகச் சரியானது என்றே மதிப்பிடவேண்டும்.

மூலம் தெரியாதது மருத்துவத்தைத் தடுத்து நிறுத்தவில்லை. புற்று என்ற அச்சம் நிலவிய காலத்தில் இக்கட்டிகள் கண்டவுடன் அகற்றப்பட்டன. பல்முளைகளையும் சேர்த்து வெட்டிவிடும் ஆபத்து அதில் இருந்தது. 1971-இல் ஓபிரையனும் பைலூவும் இதன் இயல்பான போக்கை ஆராய்ந்து, அறுவையின்றியே இது சுருங்கக்கூடும் என்பதை எடுத்துக்காட்டியபின், உணவுக்கோ மூச்சுக்கோ தடையாக இல்லாத சிறு கட்டிகளை அறுக்காமல் கவனித்துவரும் வழக்கம் வலுப்பெற்றது. பெரிய கட்டிகள் காம்பளவில் எளிதாக அகற்றப்படுகின்றன. ஓரத்தில் எஞ்சியது திரும்பி வளராது என்பதால் ஆழமாக வெட்டவேண்டிய தேவையும் இல்லை. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் எடுக்கப்படும் அல்ட்ராசவுண்ட் படத்திலேயே இப்போது பெரிய கட்டிகள் தெரிந்துவிடுகின்றன; குழந்தை பனிக்குட நீரை விழுங்க முடியாமல் அந்நீர் மிகுவதும் ஓர் அறிகுறியாகும். பிறக்கும் நொடியிலேயே மூச்சுவழியைக் காக்க மயக்க மருத்துவரும் அறுவை மருத்துவரும் ஆயத்தமாக நிற்க இது வழிசெய்கிறது.

குழந்தையின் வாயில் தெரியும் இக்கட்டிகள், முத்துகள் எதையும் வீட்டிலேயே கிள்ளவோ, சுரண்டவோ, நூல் கட்டி இறுக்கவோ கூடாது. அண்ணத்திலும் ஈற்றிலும் தெரியும் வெண்முத்துகளை விட்டுவிட்டால் சில வாரங்களில் தாமே மறையும். இளஞ்சிவப்புக் கட்டி பால் குடிக்கத் தடையாக இருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டவேண்டும். ஈற்றில் நீலமோ கருமையோ படிந்த, நாளுக்கு நாள் பெரிதாகும் புடைப்பு எதுவாயினும் தாமதமின்றி அறுவை மருத்துவரிடம் கொண்டுசெல்லப்படவேண்டும்.